நியூவார்க், 1967: ரெண்டு புரளி

அமெரிக்கால நியூயார்க் பக்கத்துல இருக்குற நியூவார்க்னு சொன்னா நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஏர்போர்ட்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, 2014-ல ரெண்டு பெட்டியோட அங்க வந்து இறங்குனேன், நண்பன் வண்டிய எடுத்துட்டு வந்திருந்தான், நேரா எடிசன், நம்ம ஆளுங்க நிறைய இருக்குற ஊரு, அங்க ஒரு மசால் தோசை, அதோட நியூவார்க் முடிஞ்சுபோச்சு. நாலு வருஷம் கழிச்சு ஆபீஸ் நியூவார்க் டவுன்டவுனுக்கு மாறுன பிறகுதான் அங்க ஒரு ஊர் இருக்குங்கறதே மனசுல பட்டுச்சு. மாறுன முதல் வாரமே கூட வேலை பாக்குறவங்க சொன்னது, "இருட்டுறதுக்குள்ள ட்ரெய்ன் ஏறிடு, ஸ்பிரிங்ஃபீல்டு அவென்யூ பக்கம் மட்டும் போயிடாத." ஏன்னு கேட்டா "அங்க ஒரு காலத்துல பெரிய கலவரம் நடந்துச்சாம்பா." எந்த வருஷம், எதுக்கு, யார் செத்தாங்க, ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

2019-ல ஒரு நாள் மழை, ஸ்டேஷனுக்குப் போக டாக்ஸி புக் பண்ணேன். ஓட்டுனவரு அறுபது வயசு இருக்கும், கறுப்பினத்தவரு, நியூவார்க்லயே பொறந்து வளர்ந்தவரு. பேச்சு வாக்குல நான் 'அந்த கலவரம்'னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். அவரு கோபப்படல, கண்ணாடி வழியா என்னைப் பாத்து நிதானமா சொன்னாரு, "நாங்க அத ரயட், அதாவது கலவரம்னு சொல்ல மாட்டோம், ரெபெல்லியன், கிளர்ச்சின்னு சொல்லுவோம். அப்ப எனக்கு ஒன்பது வயசு." அப்பறம் அவரு சொன்னத எல்லாம் கடைசில சொல்றேன். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சவன்தான், அத விசாரிச்ச அந்தக் காலத்து கமிஷன் ரிப்போர்ட் ரெண்டையும் மாசக்கணக்கா படிச்சேன். ஒண்ணு நியூஜெர்சி கவர்னர் போட்ட கமிஷன், தலைவர் ராபர்ட் லில்லி. இன்னொண்ணு ஜனாதிபதி ஜான்சன் போட்ட கெர்னர் கமிஷன். ரெண்டும் 1968 ஆரம்பத்துல வந்தது.

படிச்சு முடிச்சப்ப எனக்கு ஒண்ணு தெளிவா தெரிஞ்சுச்சு. எல்லாரும் நியூவார்க் கதைய "ஒரு புரளில ஆரம்பிச்சது"ன்னுதான் சொல்றாங்க. உண்மைல அங்க ரெண்டு புரளி இருந்துச்சு. முதல் புரளி ஜனங்களோடது, ரெண்டாவது புரளி துப்பாக்கி வச்சிருந்தவங்களோடது. முதல் புரளி கிளம்புன ராத்திரி ஒரு உயிர் கூட போகல. அத மட்டும்தான் இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க.

1967 ஜூலை 12, புதன்கிழமை, ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல. ஜான் ஸ்மித்னு ஒரு டாக்ஸி டிரைவர், கறுப்பினத்தவரு, ட்ரம்பெட் வாசிக்கத் தெரிஞ்சவரு. 15-வது அவென்யூல போய்க்கிட்டு இருக்கும்போது முன்னாடி ஒரு போலீஸ் கார். நடுரோட்டுல நின்ன போலீஸ் கார சுத்திப் போனேன், அவ்வளவுதான்னு அவரு சொன்னாரு. பின்னாடியே ஒட்டி வந்து ஒன்வேல தப்பா போனாரு, பிடிச்சப்ப எங்கள அடிச்சாருன்னு போலீஸ் சொன்னுச்சு. வெள்ளைக்கார போலீஸ்காரங்க ரெண்டு பேரு. அடி வாங்குனது யாருங்கறது மட்டும் உடம்புல தெரிஞ்சுச்சு, தலையிலயும் விலாவுலயும் அடி. 17-வது அவென்யூல இருந்த நாலாவது பிரிசின்க்ட், அதாவது போலீஸ் ஸ்டேஷன், அங்க கொண்டு போனாங்க. அவரால நடக்க முடியலையா, நடக்க மாட்டேன்னாரான்னு ரெண்டு விதமா சொல்றாங்க, எதுவா இருந்தாலும் இழுத்துக்கிட்டுத்தான் உள்ள போனாங்க.

அந்த ஸ்டேஷனுக்கு எதிர்ல என்ன இருந்துச்சுங்கறதுதான் இங்க முக்கியம். ஹேய்ஸ் ஹோம்ஸ்னு அரசாங்கம் கட்டுன உயரமான அடுக்குமாடி வீடுங்க, வரிசையா நிக்கும். ஜூலை மாசம், புழுக்கம், ஏசி கிடையாது, ஜனம் முழுக்க ஜன்னல்லயும் படிக்கட்டுலயும் வாசல்லயும் தான் இருக்கும். ஒரு மனுஷன இழுத்துட்டு போறத அத்தனை கண்ணு பாத்துச்சு. அவங்க பாத்தது அது மட்டும்தான், கதவு மூடிடுச்சு. அப்பறம் டாக்ஸி ரேடியோல செய்தி ஓடுச்சு, நம்ம டிரைவர் ஒருத்தர போலீஸ் அடிச்சுருச்சு, கொஞ்ச நேரத்துல அது "அடிச்சே கொன்னுருச்சு"ன்னு ஆச்சு. டாக்ஸிங்க ஒண்ணொண்ணா ஸ்டேஷனுக்கு வர ஆரம்பிச்சுது, கூட்டம் கூடுச்சு.

கோர்-னு ஒரு சிவில் உரிமை அமைப்பு, அதுல ராபர்ட் கர்வின்னு ஒரு தலைவர், அவரு, இன்னும் சிலரு உள்ள போய் ஸ்மித்த லாக்கப்ல பாத்தாங்க. வலில துடிச்சுக்கிட்டு இருந்தாரு, ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்கன்னு கேட்டு, பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வச்சாங்க. வெளிய வந்து கர்வின் ஒரு கார் மேல ஏறி நின்னு மைக்ல கூட்டத்துகிட்ட பேசுறாரு, அமைதியா ஊர்வலமா போகலாம்னு கெஞ்சுறாரு. கல்லு பறக்குது. நடுராத்திரி நெருங்குறப்ப ஸ்டேஷன் சுவத்துல பெட்ரோல் பாட்டில் வந்து விழுந்து எரியுது, கொஞ்ச நேரத்துல அணைஞ்சும் போகுது. ஹெல்மெட் மாட்டுன போலீஸ் தடியோட வெளிய பாய்ஞ்சு வருது. சில கடைங்கள உடைக்கிறாங்க. விடியறதுக்குள்ள எல்லாம் அடங்கிருச்சு. மேயர் ஹியூ அடோனிஜியோ இது ஒரு தனி சம்பவம், அவ்வளவுதான்னு சொல்லிட்டாரு.

ஸ்மித் சாகல, அது உண்மைதான். புரளி பொய். ஆனா அத ஏன் அத்தனை பேரு உடனே நம்புனாங்கன்னு கேக்கணும்ல? ரெண்டு வருஷம் முன்னாடி, 1965-ல, டிராஃபிக் விஷயமா நிறுத்துன ஒரு 22 வயசுப் பையன போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு. அதுக்கப்பறம் ஊர் ஜனம் கேட்டது ஒண்ணே ஒண்ணு, போலீஸ் மேல வர்ற புகார விசாரிக்க போலீஸ்ல இல்லாத ஆளுங்க இருக்குற ஒரு குழு. மேயர் முடியாதுன்னுட்டாரு, புகார எல்லாம் எஃப்பிஐக்கு அனுப்புறேன்னாரு. அங்க போன புகார் என்ன ஆகும்? ஒண்ணும் ஆகல. ஊர் ஜனத்தொகைல பாதிக்கு மேல கறுப்பினத்தவங்க, போலீஸ்ல சுமாரா பத்துல ஒருத்தர்தான். கேப்டன் பதவில ஒருத்தர் கூட கிடையாது. ஸ்மித்த அடிச்சதுக்கு மறுநாள்தான் எட்வர்ட் வில்லியம்ஸ்னு ஒரு அதிகாரிய முதல் கறுப்பின கேப்டனா ஆக்குறோம்னு அறிவிக்கிறாங்க.

போலீஸ் மட்டும் இல்ல. அதே வருஷம் ஒரு மெடிக்கல் காலேஜ் கட்டணும்னு சென்ட்ரல் வார்டுல, சரியா இவங்க குடியிருக்குற இடத்துல, 150 ஏக்கர் எடுக்கப் பாத்தாங்க. ஆயிரக்கணக்கான குடும்பம் வீட்ட காலி பண்ணணும். இன்னொரு பக்கம் ஸ்கூல் போர்டு செக்ரட்டரி வேலை, வில்பர் பார்க்கர்னு ஒருத்தர் இருந்தாரு, நியூஜெர்சிலயே சர்டிஃபைடு அக்கவுன்டன்ட் ஆன முதல் கறுப்பினத்தவரு, அவர விட்டுட்டு ஹைஸ்கூல் மட்டும் படிச்ச வெள்ளைக்கார கவுன்சிலர் ஒருத்தர உக்கார வைக்க மேயர் முயற்சி பண்ணாரு. பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பினப் பிள்ளைங்க. அந்த வருஷம் மீட்டிங் மீட்டிங்கா போய் ராத்திரி முழுக்க பேசிப் பாத்தவங்கதான் இந்த ஜனங்க. வீடும் போகும், வேலையும் கிடைக்காது, அடிச்சா கேக்க ஆளும் இல்லன்னு இருக்குறப்ப, ஒருத்தர இழுத்துட்டு போய் கதவ மூடுனா, உள்ள கொன்னுருப்பாங்கன்னுதான் மனசு நினைக்கும். அவங்க பட்ட அனுபவம் அப்படி நினைக்க வச்சுது. நான் அத முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் முன்னாடி கண்டனக் கூட்டம். ஸ்மித் விவகாரத்த விசாரிக்க மேயர் குழு போடுவாருன்னு சொன்னாங்க, கூட்டம் கல்ல எடுத்துடுச்சு. அன்னைக்கு ராத்திரி ஸ்பிரிங்ஃபீல்டு அவென்யூ முழுக்க கடை உடைப்பு, தீ. துணிக்கடை, சாராயக்கடை, ஃபர்னிச்சர் கடை. இத மறைக்கணும்னு எனக்கு ஆசை இல்ல, அந்த கடைங்கள நம்பி இருந்தவங்களும் மனுஷங்கதான், அந்தத் தெருவே அப்பறம் பல வருஷம் வெறிச்சோடிக் கிடந்துச்சு. வெள்ளிக்கிழமை விடியக்காலை மேயர் கவர்னர் ரிச்சர்ட் ஹியூஸ கூப்பிட்டாரு. ஸ்டேட் போலீஸ் வந்துச்சு, கூடவே நேஷனல் கார்டு, ட்ரக்குலயும் ஜீப்புலயும். நேஷனல் கார்டுன்னா முழுநேர ராணுவம் இல்ல, மத்த நாள்ல வேற வேலை பாத்துட்டு இடைல பயிற்சிக்கு போற ஆளுங்க, பெரும்பாலும் வெளியூர் வெள்ளைக்காரப் பசங்க, இந்தத் தெருவ வாழ்க்கைல பாத்ததே இல்ல. அந்த வெள்ளிக்கிழமைல இருந்துதான் சாவு ஆரம்பிக்குது.

இங்கதான் ரெண்டாவது புரளி. "மாடில ஸ்னைப்பர் இருக்கான்." எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டு ஒருத்தன் நம்மள குறி வச்சு சுடுறான்னு போலீஸ், ஸ்டேட் போலீஸ், நேஷனல் கார்டு மூணு பேரும் நம்புனாங்க. இதுல ஒரு கொடுமை என்னன்னா, மூணு படைக்கும் ரேடியோ அலைவரிசை வேற வேற, ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்கு கேக்காது. அந்தப் பக்கம் டாக்ஸி ரேடியோல ஒரு செய்தி ஊர் முழுக்க ஓடி புரளி ஆச்சு, இந்தப் பக்கம் ரேடியோல பேசிக்க முடியாததால புரளி ஆச்சு. ஒரு தெருவுல நம்ம ஆளே சுட்டாலும் அடுத்த தெருவுல நிக்கிறவனுக்கு அது எதிரியோட குண்டு.

கெர்னர் ரிப்போர்ட்ல ஒரு காட்சி இருக்கு, நான் பலமுறை படிச்சிட்டேன். சனிக்கிழமை, ஜூலை 15, பட்டப்பகல். நியூவார்க் போலீஸ் டைரக்டர் டாமினிக் ஸ்பீனா, ஒரு குடியிருப்புல ஸ்னைப்பர்னு தகவல் வந்து அங்க போறாரு. போலீஸும் நேஷனல் கார்டும் சேத்து நூறு பேரு வண்டிக்குப் பின்னாடி குனிஞ்சுக்கிட்டு, மூலைல ஒண்டிக்கிட்டு, தரைல படுத்துக்கிட்டு இருக்காங்க. அவருக்கு ஒண்ணும் சத்தமே கேக்கல, நேரா நடுரோட்டுல நடந்து போறாரு. யாரும் சுடல. கடைசி கட்டடம் கிட்ட போறப்ப டமால்னு ஒரு சத்தம், சுத்தி இருந்தவங்க எல்லாம் துள்ளுறாங்க. ஒரு சின்ன வயசு சிப்பாய் கட்டடத்துக்கு பின்னாடி இருந்து ஓடி வர்றான். நீயா சுட்டேன்னு கேக்குறாரு. ஆமா, ஜன்னல்ல ஒருத்தன் நின்னான், அவன விரட்ட சுட்டேன், ஜன்னல் பக்கம் யாரும் நிக்கக் கூடாதுன்னு எனக்கு ஆர்டர்னு சொல்றான். நீ என்ன பண்ணேன்னு உனக்கு தெரியுதா, இந்தத் தெருவுல இருக்குற அத்தனை பேரும் இப்ப ஸ்னைப்பர் சுட்டான்னு நினைச்சுக்கிட்டு இருக்கான்னு ஸ்பீனா அவன்கிட்ட சொல்றாரு. இத சொன்னது போராட்டக்காரங்க இல்ல, அந்த ஊர் போலீஸோட தலைவர். ஸ்பிரிங்ஃபீல்டு அவென்யூ பக்கம் நிலைமை எப்படின்னா, நேஷனல் கார்டு போலீஸ சுட்டான், போலீஸ் திருப்பி அவங்கள சுட்டுச்சு, இதுதான் என் கருத்துன்னும் அவரே சொன்னாரு.

அன்னைக்கே சாயங்காலம் ஹேய்ஸ் ஹோம்ஸ் மேல சரமாரியா சுட்டாங்க. அதே கட்டடங்க, புதன்கிழமை ராத்திரி ஜன்னல்ல நின்னு ஸ்மித்த இழுத்துட்டு போறத பாத்த அதே ஜன்னலுங்க. பத்தாவது மாடில எலோயிஸ் ஸ்பெல்மன்னு ஒரு அம்மா, 11 பிள்ளைங்களுக்குத் தாய், வீட்டுக்குள்ள இருந்தாங்க, கழுத்துல குண்டு. எதிர்ப்பக்கம் ஒரு வீட்டு ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாத்தவங்கள நோக்கி படை திரும்பி சுட்டுச்சு, ஒரு பாட்டி விழுந்தாங்க. அங்க இருந்து ஒரு பிளாக் தள்ளி இன்னொரு வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை ஜன்னல் பக்கம் நிக்குது, அம்மா ஓடிப் போய் குழந்தைய இழுக்குறாங்க, அந்த ஒரு நொடி அவங்க ஜன்னல்ல தெரிஞ்சாங்க, முதுகுல குண்டு. மூணு பேரும் இறந்துட்டாங்க. மூணு பேருமே பொம்பளைங்க, மூணு பேருமே வீட்டுக்குள்ள. ராத்திரி குடும்பத்தோட கார்ல போன 10 வயசுப் பையன் ஒருத்தனும் குண்டு பட்டு செத்தான்.

அதே சனிக்கிழமை ஒரு கடைல இருந்து பீர் எடுத்துட்டு ஓடுன இளைஞன போலீஸ் பின்னாடி இருந்து சுட்டப்ப, சிதறுன குண்டு தெருவுல இருந்த 12 வயசுப் பையன் மேல பாய்ஞ்சுது. ரத்தத்தோட தரைல கிடக்குற அந்தப் பையன் படம்தான் ஜூலை 28 லைஃப் பத்திரிகை அட்டைல வந்தது. பையன் பிழைச்சுட்டான், பீர் எடுத்தவன் செத்துட்டான்.

மொத்தம் 26 உயிர். ஒருத்தர் போலீஸ் டிடெக்டிவ், ஒருத்தர் தீயணைப்பு கேப்டன், அவங்க வீட்டுலயும் அழுதிருப்பாங்க, அவங்க சாவ நான் சின்னதா நினைக்கல. ஆனா அவங்கள சுட்டதா சொன்ன ஸ்னைப்பர் யாரு? எவன் மேலயும் அந்தக் கொலை நிரூபிக்கப்படல. ஸ்டேட் போலீஸும் நேஷனல் கார்டும் சேந்து சுட்டது 13,000 ரவுண்டுக்கும் மேல, நியூவார்க் போலீஸ் எத்தனை சுட்டுச்சுங்கறதுக்கு கணக்கே இல்ல. காயம் 700 பேருக்கு மேல, கைது கிட்டத்தட்ட 1,500. ஸ்னைப்பர் தகவல்ங்க பெரும்பாலும் மிகைப்படுத்தப்பட்டதுன்னு கெர்னர் கமிஷனே எழுதுச்சு. பொதுமக்கள் சாவுக்காக ஒரு போலீஸ்காரரோ சிப்பாயோ கூட தண்டனை வாங்கல.

இன்னொண்ணு, இத படிச்சப்ப ரொம்ப நேரம் உக்காந்துட்டேன். கறுப்பினத்தவங்க தங்களோட கடை ஜன்னல்ல 'சோல் பிரதர்'னு எழுதி வச்சாங்க, அதாவது இது நம்ம ஆளு கடை, விட்டுடுங்கப்பான்னு. கூட்டமும் பெரும்பாலும் அந்தக் கடைங்கள தொடல. பிறகு ராத்திரில சீருடை போட்டவங்களே வந்து அந்த எழுத்து இருந்த கண்ணாடிங்கள பாத்துப் பாத்து உடைச்சாங்க, சுட்டாங்க. ரெண்டு கமிஷனும் இத பதிவு பண்ணிருக்கு. பயத்துல சுட்டாங்கன்னு மத்ததுக்கு எல்லாம் சொல்லலாம், எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு சுட்டதுக்கு என்ன சொல்றது?

ஜூலை 17 திங்கட்கிழமை படைய திரும்ப கூப்பிட்டாங்க. அடுத்த ஞாயிறு டெட்ராய்ட் பத்திக்கிச்சு, அதுவும் போலீஸ் ரெய்டுல ஆரம்பிச்சது, 43 பேரு செத்தாங்க. அதுக்கு முன்னாடி 1964-ல நியூயார்க் ஹார்லம், ஒரு 15 வயசுப் பையன போலீஸ் அதிகாரி சுட்டதுல இருந்து. 1965-ல லாஸ் ஏஞ்சலஸ் வாட்ஸ், ஒரு டிராஃபிக் கைதுல இருந்து, 34 பேரு. ஊர் மாறுதே தவிர முதல் வரி மாறல.

அப்பறம் நியூவார்க்ல நடந்தது நீளமான கதை, சுருக்கமா சொல்றேன். மெடிக்கல் காலேஜ் விஷயத்துல 1968-ல ஜனங்களோட உக்காந்து பேசி ஒப்பந்தம் போட்டாங்க, நிலத்தோட அளவு பாதிக்கும் கீழ வந்துச்சு. மேயர் அடோனிஜியோ மேல லஞ்ச வழக்கு, 1970-ல தண்டனை ஆச்சு. அதே வருஷம் கென்னத் கிப்சன் மேயர் ஆனாரு, அந்த ஊருக்கு முதல் கறுப்பின மேயர். அந்த ராத்திரிகள்ல போலீஸ்கிட்ட மண்டைல அடி வாங்குன கவிஞர் அமிரி பராகாவோட மகன் ராஸ் பராகா 2014-ல மேயர் ஆனாரு. அதே 2014-லதான் மத்திய நீதித்துறை நியூவார்க் போலீஸ் பத்தி ரிப்போர்ட் விட்டுச்சு, தெருவுல நிறுத்தி விசாரிச்ச பதிவுகள்ல முக்கால்வாசிக்கு சட்டப்படி போதுமான காரணமே எழுதலைன்னு. நாப்பத்தேழு வருஷம் கழிச்சும் இதுதான் நிலைமை.

அந்த டாக்ஸி பயணத்துக்கு அடுத்த ஜூலை வரைக்கும் காத்திருக்கல, ஒரு சனிக்கிழமை நடந்தே போனேன். ஸ்பிரிங்ஃபீல்டு அவென்யூ கோர்ட் கட்டடத்துகிட்ட ஆரம்பிக்குது, அங்க லிங்கன் சிலை, மேடைல நிக்கல, பெஞ்சுல ஒரு ஓரமா உக்காந்திருக்காரு, பக்கத்துல தொப்பி. குழந்தைங்க மடில ஏறி ஏறி வெண்கலம் பளபளன்னு இருக்கு. அங்க இருந்து மேட்டுல ஏறி நடந்தா முடிவெட்டுற கடை, சர்ச், கோழி வறுக்குற வாசனை, நடுநடுவுல புல்லு முளைச்ச காலி மனை. அந்த அவென்யூ ஓரம் ஒரு சின்ன முக்கோணப் பூங்கால கல்லு ஒண்ணு வச்சிருக்காங்க, இறந்தவங்க பேரெல்லாம் செதுக்கி. நான் நின்னு எல்லாப் பேரையும் வாய்விட்டுப் படிச்சேன், நம்ம ஊர்ல யாராவது இறந்தா வாசல்ல போய் நிப்போம்ல, அந்த மாதிரிதான் இருந்துச்சு. ஹேய்ஸ் ஹோம்ஸ் இப்ப இல்ல, இடிச்சுட்டு சின்னச் சின்ன வீடா கட்டிருக்காங்க. ஸ்டேஷன் கட்டடம் இருக்கு. 2020 மே மாசம் மினியாபொலிஸ்ல ஜார்ஜ் ஃபிளாய்ட்ங்கற கறுப்பினத்தவர போலீஸ் கொன்னதுக்கு எதிரா ஊர்வலம் போன கூட்டம் கடைசில அதே கட்டடத்து முன்னாடிதான் போய் நின்னுச்சு, ஊர்க்காரங்களே கூட்டத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவுல போய் நின்னாங்க, அன்னைக்கு ஒரு கைது கூட இல்ல.

அந்த டிரைவர் சொன்னத சொல்றேன்னேன்ல. அவங்க குடும்பம் அந்த ஸ்டேஷன்ல இருந்து கொஞ்ச தூரத்துல ரெண்டாவது மாடில இருந்துச்சாம். வெள்ளிக்கிழமைல இருந்து அம்மா லைட்டே போடல. பாத்ரூம்ல ஜன்னல் கிடையாது, அதனால குளிக்கிற தொட்டிக்குள்ள போர்வைய விரிச்சு அவரையும் தங்கச்சியையும் அதுல படுக்க வச்சுட்டு, அம்மா கதவ ஒட்டி தரைல உக்காந்துட்டாங்களாம், மூணு ராத்திரி. தொட்டியோட இரும்பு முதுகுல சில்லுன்னு இருந்தது இன்னும் ஞாபகம் இருக்குன்னாரு. அம்மா தவழ்ந்துதான் கிச்சனுக்கு போவாங்களாம், ரொட்டி எடுத்துட்டு தவழ்ந்தே வருவாங்களாம். வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகல.

ரயில்வே ஸ்டேஷன் வந்துருச்சு, மழை விடல, வண்டிய ஓரமா நிறுத்துனாரு. இறங்குறப்ப கேட்டேன், இப்ப எங்க இருக்கீங்கன்னு. நியூவார்க்லயே தான், சொந்த வீடு, மகளும் பேரனும் கூட இருக்காங்கன்னாரு. "பேரன் கட்டில ஜன்னல் பக்கம் போட்டுக்கறேன்னு அடம் பிடிக்கிறான், வெளிய மரம் தெரியுமாம், நான் விட மாட்டேங்கறேன். அவனுக்கு எட்டு வயசு, என்ன சொல்லி புரிய வைக்கிறதுன்னு தெரியல."